காலில் கட்டிய காப்பு

பதினாலாங்கட்டைத் தோட்டத்துப் பெரிய கிராணி நாகரத்தினம் நான்கு பதவிகளைச் சுமந்துகொண்டிருந்தார். ஆபீசில் கணக்கெழுதும் தலைமைக் கிராணி. கோயில் கமிட்டிச் செயலாளர். தோட்டத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கப் பொருளாளர். இவை போதாதென்று தோட்ட விளையாட்டு, கலை, பண்பாட்டு, பொதுநல மன்றத்தின் தலைவர். மன்றத்தின் பெயர்ப்பலகை மன்றம் இருந்த அறையைவிட நீளமாக அமைந்துவிட்டதால், 'பொதுநலம்' மட்டும் சுவரைத் தாண்டிக் கக்கூஸ் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. மன்றத்தின் சொத்து ஒரு கைப்பந்து, இரண்டு இடத்தில் கிழிந்த வலை, ஒரு ரப்பர் முத்திரை, அப்புறம் செல்லையாவின் இரண்டு கால்கள்.

செல்லையா கவாத்து கேங்கில் வேலை செய்தான். வயது முப்பத்தாறு. தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டி இறக்கும் வேலை. சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக, காலையிலிருந்து மத்தியானம் வரை நிற்க வேண்டும். அப்படி நின்றே கெண்டைக்கால் இரண்டும் கல்லு மாதிரி இறுகியிருந்தன. தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் தோட்டங்களுக்கிடையே மலையோட்டம் நடக்கும். ரிங்லெட் கடைத்தெருவில் கிளம்பி, ஏற்றமாகவே ஓடிவந்து, பதினாலாங்கட்டை பாக்டரி வாசலில் முடிக்க வேண்டும். ஏழு வருடமாக முதலில் வந்தவன் செல்லையா. கோப்பைகள் கிராணியின் மேசைக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் இருந்தன. எண்பத்தாறாம் வருடப் போட்டோவில் கிராணியும் கோப்பையும் முழுதாக விழுந்திருந்தார்கள். செல்லையா இடது தோள் அளவுக்கு விழுந்திருந்தான்.

அதைப் பற்றி அவன் குறைப்பட்டுக்கொண்டதில்லை. மற்ற நாளெல்லாம் அவன், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கூப்பிடுகிற ஒரு நம்பர். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் லயத்து வரிசை வீடுகளின் சனம் முழுக்க ரோட்டோரம் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கத்தும். அதற்காக அவன் காலை மட்டுமில்லை, தலையைக்கூடக் கொடுப்பான் என்று அவன் பெண்டாட்டி அம்சவல்லி சொல்வாள். அவள் அதைப் பெருமையாகச் சொன்னதில்லை.

எண்பத்தொன்பதில், புரட்டாசி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, பிரிஞ்சாங் ஓட்டலில் தங்கியிருந்த ஒரு ஜப்பான்காரப் பெரியவர் காட்டுப்பாதையில் நடந்துவந்து, பதினொன்றாம் நம்பர் மலைக்கு மேலே வழுக்கி விழுந்தார். எழுபது வயதிருக்கும். கவாத்து வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சத்தம் கேட்டு ஓடினார்கள். கணுக்கால் பிசகியிருந்தது. தூறல், பனிமூட்டம், லோரி அங்கே ஏறாது. செல்லையா அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு ஒன்றரைக் கட்டை, அதாவது ஒன்றரை மைல், இறங்கினான். கடைசி வளைவில், வழுக்குப் பாறையில் காலை ஊன்றியபோது, இடது கெண்டைக்காலுக்குள் எதுவோ படக்கென்று அறுந்த மாதிரி இருந்தது. கீழே வந்து இறக்கிவிட்டபோது பெரியவர் இரண்டு காலில் நின்றார். செல்லையா ஒரு காலில் நின்றான்.

மறுநாள் சாயங்காலம் பெரியவர் டாக்ஸி பிடித்துக்கொண்டு லயத்துக்கே வந்துவிட்டார். கையில் கியா பார்மில் வாங்கிய ஒரு பை ஸ்ட்ராபெரி. செல்லையாவைப் பெஞ்சியில் உட்காரச் சொல்லிவிட்டு, அவர் சிமெண்டுத் தரையில் மண்டி போட்டார்.

"ஐயையோ, எழுந்திரிக்கச் சொல்லுங்க!" என்று அம்சவல்லி பதறினாள். "வயசானவரு காலைத் தொடுறாரு!"

"நான் என்ன பாசையில சொல்லுறது?" என்றான் செல்லையா.

பெரியவர் தன் பையிலிருந்து ஒரு நாடாச் சுருளை எடுத்தார். கத்தரிக்கோலால் நறுக்கி, ஓரங்களை வட்டமாக வெட்டி, குதிகாலில் தொடங்கிக் கெண்டைக்காலின் இரண்டு பக்கமும் கிளைவிட்ட மாதிரி ஒட்டினார். நாடா ரப்பர் போல நீண்டது, துணி போல மூச்சு விட்டது. தோல் நிறமாம். யாருடைய தோல் என்று அட்டையில் போடவில்லை. செல்லையாவின் காலில் அது சுண்ணாம்புக் கோடு போலத் தெரிந்தது. ஒட்டி முடித்து, இன்னும் இரண்டு சுருளையும் ஒரு படக் காகிதத்தையும் கொடுத்துவிட்டு, குனிந்து குனிந்து கும்பிட்டபடி போய்விட்டார். காகிதம் முழுக்க ஜப்பான் எழுத்து.

அன்றைக்கு வலி குறைந்தது உண்மை. செல்லையா தண்ணீர்க் குழாய் வரைக்கும் நொண்டாமல் நடந்துபோனான். அதை அம்சவல்லியோடு கொழுந்து வெட்டும் வேலாயி பார்த்தாள். வேலாயி பார்த்தால் லயம் பார்த்த மாதிரி. லயம் பார்த்தால் மறுநாள் பெரட்டுக்குள் கிராணி காதுக்குப் போய்விடும்.

"இதான்யா நம்ம காத்திருந்தது!" என்றார் கிராணி. படக் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் படித்தார். "போன வருசம் ஒலிம்பிக்கிலேயே ஒட்டிக்கிட்டுத்தான் ஓடுனாங்களாம். பேப்பர்ல படிச்சேன். இது சதைக்குள்ள இருக்கிற சக்தியப் புடிச்சு மேல இழுக்குது. பாரு, அம்புக்குறி போட்டிருக்கான்."

"அம்பு கீழ பாத்துல்ல இருக்கு ஐயா?" என்றான் செல்லையா.

கிராணி காகிதத்தைத் திருப்பிப் பிடித்தார். "இப்பப் பாரு. மேல போகுது."

தோட்டத்து டிரசர் சாம்பசிவம் அப்படியெல்லாம் எளிதில் மேலே போகிற ஆளில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்த மலையில் காயத்துக்கு மருந்து போட்டவர். செல்லையாவின் காலை அழுத்திப் பார்த்து, "தசை கிழிஞ்சிருக்கு. பாதிதான். ஆறு வாரம் ஓடக்கூடாது, சரிவுல நிக்கக்கூடாது. மீதியும் போச்சுன்னா உன்னைய நான் பெரியாஸ்பத்திரிக்குத்தான் எழுதணும்" என்றார். பெரியாஸ்பத்திரிக்கு எழுதுவது என்றால் என்னவென்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அங்கிருந்து 'வேலைக்கு லாயக்கில்லை' என்று ஒரு கடுதாசி வரும். கடுதாசி வந்தால் லயத்து வீட்டைக் காலி பண்ண வேண்டும். பக்கத்து வீட்டு ராமையா அப்படித்தான் போனான். இப்போது திரிங்காப்பில் ஒரு சீன முதலாளியின், தவுக்கேயின், கொட்டகையில் குடும்பத்தோடு ஒண்டிக்கொண்டு, உட்கார்ந்தபடி கோபிஸ் என்கிற முட்டைக்கோசு இலை உரித்துக் கொண்டிருக்கிறான்.

அதற்குப் பிறகு அம்சவல்லிக்கு அந்தக் கால்தான் வீடு. கூரை, அடுப்பு, பிள்ளைகள் படுக்கிற பலகை எல்லாம் அந்த ஒரு கெண்டைக்காலின் மேல் நிற்பதாகவே அவளுக்குத் தோன்றும். சாயங்காலம் கொழுந்து வெட்டிவிட்டு வந்ததும் நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சித் தேய்ப்பாள்.

கிராணி விடவில்லை. மலையோட்டத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில் டிரசரைக் கூப்பிட்டு, "விஞ்ஞான ரீதியா ஒரு பரிட்சை வச்சுப்புடலாம். டேப்பு போட்டா எம்புட்டு பலம், போடாட்டி எம்புட்டு பலம்" என்றார்.

டிரசருக்கும் ஆசை இருந்திருக்க வேண்டும். எண்ணெய் போக ஸ்பிரிட்டால் காலைத் துடைத்துவிட்டு, ஆஸ்பத்திரிப் படியில் செல்லையாவை ஒற்றைக் காலில் நிறுத்தி, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னார். முடியாமல் போகிற வரைக்கும் எண்ணிக்கை. நல்ல காலில் முப்பத்தொன்று. கிழிந்த காலில் வெறுமனே, பதினாலு. அரை மணி உட்கார்ந்து கோப்பி குடித்த பிறகு ஜப்பான் டேப்போடு, பதினைந்து.

"பாத்தீரா! பதினாலு எங்க, பதினஞ்சு எங்க!" கிராணி நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். "ஏழு பர்செண்டு கூடியிருக்கு."

"இருங்க ஐயா." டிரசர் அதைப் பிரித்துவிட்டு, ஆஸ்பத்திரி அலமாரியிலிருந்து சாதாரணப் பிளாஸ்திரி ஒன்றை எடுத்து, செல்லையாவுக்குத் தெரியாமல் பின்னாலிருந்து அதே இடத்தில் ஒட்டினார். இன்னொரு அரை மணி. இன்னொரு கோப்பி. பதினைந்து.

"இதுக்கு என்ன சொல்றீங்க?"

"அது... ஜப்பான் டேப்போட சக்தி உள்ளுக்குள்ள மிச்சம் இருந்திருக்கும்லா."

"கோப்பியோட சக்தியா இருக்கலாம்" என்றார் டிரசர். "ஐயா, இது துணி. துணி சதைக்குச் சோறு போடாது. தோலு மேல ஒண்ணு இழுத்துப் புடிச்ச மாதிரி இருந்தா மனுசனுக்கு ஒரு தெம்பு. வலி கொஞ்சம் மறக்கும், அம்புட்டுத்தான். செல்லையா, இப்ப வலிக்குதா?"

"ஒண்ணும் இல்லைங்க" என்றான் செல்லையா. அவன் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. வெளியே ஆளை நடுக்கும் குளிர்.

"இவன்கிட்ட கேட்டேன் பாரு. இந்த வலி குலைக்கிற நாயி மாதிரி ஐயா. நாயி வாயக் கட்டிட்டா திருடன் போயிட்டான்னு அர்த்தமா?"

கிராணி அன்றைக்கே மானேஜருக்கு ஒரு அறிக்கை தட்டச்சு செய்தார். நாயும் திருடனும் அதில் இடம்பெறவில்லை. ஏழு பர்செண்டு மட்டும் சிவப்பு நாடாவில் அடிக்கப்பட்டிருந்தது.

மறுநாள் ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து வெட்டும்போது வேலாயி கேட்டாள்:

"ஏடி அம்சம், ஒம் புருசன் ஓடுறாராமே?"

"ஆமா, அவரு ஓடுவாரு, நான் பின்னாலேயே சட்டிபானையத் தூக்கிக்கிட்டு ஓடணும்."

"டேப்பு போட்டா சரியாயிடும்னு கிராணி சொல்றாரு."

"கிராணி வாயில ஒரு டேப்பு போட்டா எனக்குச் சரியாயிடும்."

வேலாயி சிரித்த சிரிப்பில், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் திரும்பிப் பார்த்தார். இருவரும் கத்தரியை வேகமாக ஆட்டினார்கள். பனி கீழேயிருந்து ஏறி இடுப்பு வரைக்கும் வந்துவிட்டது. தலைகளும் முதுகுச் சாக்குகளும் மட்டும் மிதந்துகொண்டிருந்தன.

"நீ வேணாம்னு சொல்லேன்" என்றாள் வேலாயி, சிரிப்பை விட்டுவிட்டு.

"சொல்லாமலா இருக்கேன்? வலிக்குதான்னு கேட்டா ஒண்ணும் இல்லைங்கிறாரு. கல்யாணமாகிப் பதினாலு வருசத்துல அந்த மனுசன் வலிக்குதுன்னு ஒரு வாட்டி சொன்னதில்லை. தேளு கொட்டினப்பகூட 'என்னமோ ஊறுது'ன்னாரு. கிராணி வந்து தோளுல கை போட்டு 'நம்ம மானம் உன் கால்ல இருக்கு செல்லையா'ங்கிறாரு. இவரு உருகிப் போறாரு. அவரு மானத்த அவரு கால்ல வச்சுக்கக்கூடாதா?"

"அவருக்கு மூட்டு வலிடி."

விஞ்ஞானத்தை நிரூபித்துவிட்ட கிராணிக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று ஆத்தாளையும் ஒரு வார்த்தை கேட்டுவிடத் தோன்றியது. கோயில் கமிட்டிச் செயலாளரும் அவரே என்பதால் அனுமதி உடனே கிடைத்தது. ஓட்டத்துக்கு இரண்டு நாள் முந்தைய வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து எல்லாரும் குளித்துவிட்டு மாரியம்மன் கோயிலுக்கு வர வேண்டும். ஜப்பான் டேப்பை ஆத்தாள் காலடியில் வைத்து எடுத்து, சன்னிதியிலேயே செல்லையாவின் காலில் ஒட்டுவது என்று முடிவானது.

பூசாரி கருப்பையா மற்ற நேரத்தில் பாக்டரியில் இலை காயவைக்கும் அடுப்பைப் பார்த்துக்கொள்பவர். அவர் உடம்பில் திருநீற்று வாசனையும் தேயிலைத் தூள் வாசனையும் எப்போதும் கலந்தே இருக்கும். தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை, காப்புக் கயிறு, எலுமிச்சை. நடுவில் ஜப்பான் டேப்பு. கோயிலுக்கு வெளியே, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மானேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மரியாதையாக நின்றார்.

"பெரியோர்களே, தாய்மார்களே!" என்று கிராணி ஆரம்பித்தார். "இன்று நம் தோட்டத்திலே விஞ்ஞானமும் மெய்ஞ்ஞானமும் கைகோத்து நிற்கின்றன. ஏழு பர்செண்டு என்று நிரூபிக்கப்பட்ட சக்தியை, ஆத்தா நூறு பர்செண்டாக ஆக்கித் தரப் போகிறாள்..."

பேச்சு கால் மணி நேரம் நடந்தது. பிறகு அவரே குனிந்து டேப்பை ஒட்டினார். கையை எடுத்தார். டேப்பு மெல்ல விலகி, இலை உதிர்கிற மாதிரி, கணுக்காலில் சுருண்டு விழுந்தது. மறுபடி ஒட்டினார். மறுபடி விழுந்தது. பதினேழு நாளாக அம்சவல்லி தேய்த்த பூண்டெண்ணெய் அந்தத் தோலில் குடியிருந்தது. அன்றைக்கு அவன் குளித்து வந்த பிறகு இரண்டு கை கூடுதலாகவே தேய்த்திருந்தாள். வேண்டுமென்று தேய்த்தாளா என்றால், எண்ணெய்க் கையோடு இருக்கிறவளை அதெல்லாம் கேட்கக் கூடாது.

கூட்டத்தில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். மானேஜர் இன்னொரு முறை கடிகாரத்தைப் பார்த்தார். கிராணியின் காது சிவந்தது.

அப்போது பெண்கள் பக்கமிருந்து அம்சவல்லி சொன்னாள்: "சாமி, தட்டுல மஞ்சக்கயிறு இருக்குல்ல? அதைச் சுத்திக் கட்டுங்க. நிக்கும்."

பூசாரி தயங்கினார். "அது காப்புக் கயிறு தாயி. கையில கட்டுறது. கால்ல..."

"கயிறு கயிறுதான்யா!" கிராணி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "மானேஜர் நிக்கிறாரு. கட்டித் தொலை."

"கமிட்டிச் செயலாளர் சொல்றீங்களா?"

"செயலாளர்தான் சொல்றேன்!"

பூசாரி கற்பூரத்தைக் காட்டினார். உடுக்கை அடிக்கச் சொன்னார். விரலி மஞ்சள் கோத்த கயிற்றை டேப்பின் மேல் மூன்று சுற்றுச் சுற்றி, ஆத்தாள் பெயரைச் சொல்லி மூன்று முடிச்சுப் போட்டார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அம்சவல்லியும் போட்டுக்கொண்டாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அழுத்தியே.

சனிக்கிழமை காலைப் பெரட்டில் மண்டோர், ஞாயிற்றுக்கிழமை ரிங்லெட்டுக்கு லோரியில் போகிற ஓட்டக்காரர்கள் பெயரைப் படித்தார். முதல் பெயர் செல்லையா.

"அந்தப் பேரை அடிச்சிருங்க மண்டோரே" என்றாள் அம்சவல்லி.

"என்னம்மா?"

"காப்பு கட்டுனவங்க எல்லை தாண்டக்கூடாதுல்ல? ரிங்லெட் எல்லைக்கு அங்குட்டுத்தான இருக்கு?"

பெரட்டுக்களம் முழுக்கச் செல்லையாவின் காலைப் பார்த்தது. அதுவரை யாருக்கும் உறைக்கவில்லை. காப்பு கட்டினால் எட்டு நாள். எட்டு நாளும் தோட்டத்து எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும். டவுனுக்குப் போகக் கூடாது, சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. அந்தத் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். கீழ் ரோட்டில் வாய்க்கால் பாலத்தடியில் நடப்பட்ட எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் காப்போடு காலை வைத்தவன் கதைகள் நாலைந்து இருந்தன. எந்தக் கதையும் நல்லபடியாக முடிந்ததில்லை.

செல்லையா அவளையே பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

கிராணி ஆபீசிலிருந்து இறங்கி வந்தார். பூசாரியைப் பாக்டரியிலிருந்து அழைத்து வரச் சொன்னார்.

"கருப்பையா, இது காப்புக் கணக்குல சேராதுலா. டேப்பு விழாம இருக்கக் கட்டுனது."

"உடுக்கை அடிச்சுக் கட்டினேனுங்களே ஐயா. மூணு முடிச்சு."

"அவுத்துரு."

"எட்டு நாளைக்குள்ள நான் தொடமாட்டேங்க. எனக்கு மூணு பொம்பளப் புள்ளைங்க."

"சரி, எல்லையைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா? தண்ணி தெளிச்சு, எலுமிச்சம்பழம் வெட்டி... ரிங்லெட் வரைக்கும்?"

பூசாரி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "ரிங்லெட்டுல ஏற்கெனவே ஒரு ஆத்தா இருக்காளே. அவகிட்ட யாரு போயி எடத்தக் கேக்குறது? நமக்கும் அந்தக் கமிட்டிக்கும் மைக் செட்டு தகராறுலேர்ந்து பேச்சு வார்த்தை இல்லைங்களே."

"அப்ப நானே அவுக்கிறேன்!" கிராணி செல்லையாவின் முன்னால் குனிந்தார். விரல் முடிச்சுக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றது. நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிராணியின் மகளுக்கு மாசி மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அது அந்த நேரத்தில் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். விரல் மடங்கியது. கை, வந்ததே அதற்குத்தான் என்பது போல, தன் சொந்த மூட்டைத் தடவிக்கொண்டது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல அம்சவல்லி?" என்றார் எழுந்தபடி. குரலில் முதல் தடவையாகச் செயலாளரும் இல்லை, தலைவரும் இல்லை.

"நான் மூணு வாரமா சொல்லிக்கிட்டுத்தான் ஐயா இருக்கேன்."

செல்லையாவுக்குப் பதிலாக அலுவலகப் பியூன் ராஜு ஓடுவதாக ஏற்பாடானது. அவனிடம் இருந்த தகுதி ஒரு ஜோடி நல்ல சப்பாத்து.

அன்று சாயங்காலம் செல்லையா சாப்பிடவில்லை. கோபிஸ் பொரியலும் பருப்பும் ஆறிக்கொண்டிருந்தன. வெளியே மழை தகரத்தில் சரளைக் கல்லைக் கொட்டுவது போல இறங்கியது. பிள்ளைகள் இரண்டும் வேலாயி வீட்டுக்குப் போய்விட்டன.

"என்னைய ஊரு முன்னாடி கட்டிப் போட்டுட்டல்ல?" என்றான்.

"ஆமா."

"மாட்டக் கட்டுற மாதிரி."

"மாட்டுக்கு நொண்டுனா நிக்கத் தெரியும்."

அவள் அடுப்பில் கட்டையைத் தள்ளினாள். புகை சுழன்றது.

"உனக்கு என்ன புள்ள தெரியும்? அந்த ஒரு நாளு ரோட்டுல ஓடி வாரப்ப, மானேஜர் வாயிலேர்ந்து எம் பேரு வருது. எம் பேரு. மத்த நாளு எவன் கூப்புடுறான்?"

"நான் கூப்புடலையா?"

"நீ என்னைக்கு எம் பேரச் சொல்லிக் கூப்பிட்ட? 'ஏங்க, இந்தாங்க'."

அம்சவல்லிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ராமையா அண்ணன் பேரச் சொல்லி இப்ப யாரு கூப்புடுறா? திரிங்காப்புல தவுக்கே 'ஹோய்'ங்கிறானாம். அவரு பொண்டாட்டி போன வாரம் சந்தையில பாத்தப்ப சொல்லிச்சு. உங்கள ஹோய்னு கூப்பிட நான் உடமாட்டேன். திட்டுறதுன்னா திட்டுங்க. அடிக்கிறதுன்னாக்கூட அடிங்க. சோத்தத் தின்னுட்டு அடிங்க."

அவன் தட்டைத் தொடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அவள் தட்டை மூடி வைத்துவிட்டு வந்து, வழக்கம் போல எண்ணெய் தேய்க்கக் காலைத் தொட்டாள். அவன் காலை இழுத்துக்கொண்டான். அப்படி இழுத்தபோது வாயிலிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது. இருமி அதை மூடினான்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. மலையெல்லாம் கழுவிவிட்ட பச்சை. செல்லையா யாரிடமும் சொல்லாமல் கீழ் ரோட்டுக்கு இறங்கி, எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றான். எண்ணெயில் வழுக்கி ஜப்பான் டேப்பு வெள்ளிக்கிழமை இரவே கழன்று போயிருந்தது. காலில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. சனம் ரோட்டோரம் சேர்ந்தது. கொஞ்ச தூரம் தள்ளி நின்ற லோரியின் மேல் கிராணி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அன்பார்ந்த தோட்டப் பெருமக்களே! நமது வீரர் இவ்வருடம் தெய்வ விரதம் காரணமாகப் பெருந்தன்மையோடு விலகி நிற்கிறார். இருப்பினும் ஜப்பானிய நாடா, சோதனை அளவில் மாபெரும் வெற்றி பெற்றுள்ளது. இன்னும் ஆறு சுருள் வேண்டி மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன்..."

முதலில் வந்தவன் பக்கத்துத் தோட்டத்துப் பையன். இருபது வயதுகூட இருக்காது. மூச்சு இரைக்காமல், பாலத்தைத் தாண்டி இறகு மாதிரி போனான். செல்லையாவின் வாய் தன்னால் திறந்தது. "தோள இறக்கு! தோள இறக்கிட்டு ஓடு!" என்று கத்தினான். பையன் திரும்பாமலே தோளை இறக்கிக்கொண்டான்.

"எதிராளிக்கா சொல்லிக் குடுக்குற?" என்று யாரோ கேட்டார்கள். செல்லையாவுக்குக் காதில் விழவில்லை.

அப்புறம் ஒன்பது பேர். அப்புறம் வெறும் ரோடு. வெகுநேரம் கழித்து ராஜு வந்தான். விலாவைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு, நல்ல சப்பாத்தைக் கல்லில் தேய்த்துக்கொண்டு வந்தான். எல்லைக் கல்லுக்கு எதிரே வந்ததும் நின்றே விட்டான்.

"முடியலண்ணே."

"முடியும் வாடா. பாக்டரி தெரியுது பாரு. இன்னும் ஒரு கட்டைதான்."

"முடியலண்ணே. நீங்க வாங்க."

அதைக் கேட்டதும் செல்லையாவின் கால் அவனைக் கேட்காமலே கிளம்பிவிட்டது. ராஜு கல்லைத் தாண்டினான். செல்லையா அவன் பக்கத்தில் ஓடினான். எல்லைக்குள்தான். காப்பு தப்பவில்லை. ரோட்டோரச் சனம் சட்டென்று உயிர் பெற்றது. "செல்லையா! ஏ செல்லையா!" யாரோ தகர டப்பாவைத் தட்டினார்கள். கிராணி லோரியின் மேல் துள்ளினார், ஒலிபெருக்கி கீச்சிட்டது. கூட்டத்துக்குள்ளிருந்து அம்சவல்லி "ஏங்க!" என்று அலறியபடி ஆட்களை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

இருபது அடி. முப்பது அடி. அவன் முகத்தில் அந்த ஒரு நாள் வெளிச்சம் இருந்தது. நாற்பதாவது அடியில் கெண்டைக்காலுக்குள் கத்தி நுனி போல ஒன்று தொட்டது. தொட்டது மட்டும்தான், இன்னும் இறங்கவில்லை. அது எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியும். சனம் இன்னும் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

செல்லையா நின்றான்.

"போடா ராஜு. போ. நிக்காம போ" என்றான்.

ராஜு தள்ளாடிக்கொண்டே போனான். கூச்சல் கொஞ்ச தூரம் அவனோடு போய், பிறகு அடங்கியது. செல்லையா ஒற்றைக் காலால் தத்திப் போய், வாய்க்கால் ஓரம் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு ஈரப் புல்லில் உட்கார்ந்தான். அம்சவல்லி வந்து எதிரே உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். கேட்கப் பயந்து, கேட்காமல் அவன் முகத்தையே பார்த்தாள்.

"வலிக்குது புள்ள" என்றான்.

அவள் விரலால் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தாள். "போயிருச்சா?"

"போகல. நின்னுட்டேன்ல." சிறிது நேரம் மூச்சு வாங்கினான். தூரத்தில் ஒலிபெருக்கி பதினொன்றாவதாகப் போய்க்கொண்டிருந்த ராஜுவை வாழ்த்திக்கொண்டிருந்தது. அவன் மஞ்சள் கயிற்றின் முடிச்சை விரலால் ஒருமுறை இறுக்கிப் பார்த்தான்.

"எட்டு நாளு பத்தாது. பூசாரிகிட்டச் சொல்லி, அவுக்குறன்னைக்கே இன்னொரு எட்டு நாளைக்குச் சேத்துக் கட்டச் சொல்லு."